வரையாடும் வேளாவும்

பழந்தமிழில் 'கோடு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மலையுச்சி கோடு, விலங்கின் கொம்பு கோடு, யானையின் தந்தமும் கோடு. பட்டினப்பாலையில் அந்தச் சொல் கடற்கரைக்கும் வந்துவிடுகிறது. முழுநிலா நாளில் கடலுக்குப் போகாத காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சினைச்சுறாவின் கோட்டை நட்டு, அதில் தெய்வத்தை இருத்தி வணங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது சுறாவுக்கு ஏது கொம்பு என்று தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ராமநாதபுரம் கரையில் ஒரு வலைக்கொட்டகையின் உத்தரத்தில் அதைப் பார்த்தேன். என் கை நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தது. புகையேறிய பழைய தேக்குப் பலகையின் நிறம். இரண்டு ஓரங்களிலும் பற்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 18. உதிர்ந்த பல்லின் இடத்தில் விரல்நுனி நுழையுமளவு குழி இருந்தது. மேற்பரப்பில் உள்ளங்கையை ஓட்டினால் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. ஒவ்வொரு பல்லின் பின்விளிம்பிலும் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது.

"வேளாக் கொம்பு தம்பி," என்றார், கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த பெரியவர். "எங்கப்பா காலத்துல வந்தது. நான் தொழிலுக்குப் போன பொறவு உசுரோட ரெண்டே தடவ பாத்திருக்கேன். எம்மவன் பாத்ததே இல்ல."

அதே ஆண்டில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைச்சாலையில், அட்டகட்டிக்கு முந்தைய கொண்டையூசி வளைவு ஒன்றின் தடுப்புச்சுவர் ஓரத்தில், வரையாடு ஒன்று நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் நின்றன, செல்பேசிகள் உயர்ந்தன. பெட்டை ஆடு, பக்கத்தில் குட்டி. தலையைத் தூக்கி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, செங்குத்தான பாறையில் படியிறங்குவதுபோல இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தில் மனிதன் கால் வைத்தால் பிணத்தைத்தான் எடுக்கவேண்டும்.

இந்த இரண்டு உயிர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை அன்றிலிருந்து உண்டு. ஒன்று நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாதது. மற்றொன்று வெப்பக் கடல்கள் முழுக்கப் பரவியிருந்து, நம் கரையிலும் ஒரு காலத்தில் வலைக்கு வந்துகொண்டிருந்த மாபெரும் திருக்கை. இரண்டையும் பண்டைத் தமிழர் அறிந்திருந்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் 'வருடை' வரையாடுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. இரண்டுமே இன்று இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்புடன் இருக்கின்றன. ஆனால் ஒன்று மீண்டு வருகிறது, மற்றொன்று மறைந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று தேடிப்போனால், இரண்டையும் நாம் எந்தப் பெயரில், எந்தப் பெட்டியில் போட்டு வைத்தோம் என்ற கேள்வியில் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

முதலில் உறவுமுறை. வரையாடு பாலூட்டி, இரட்டைக் குளம்பிகள் வரிசை, மாட்டுக் குடும்பம், அதற்குள் ஆடுகளின் கிளை. வேளா குருத்தெலும்பு மீன். சுறாக்களும் திருக்கைகளும் சேர்ந்த பெருங்கூட்டத்தில் திருக்கைப் பக்கம். இரண்டுக்கும் பொதுவான மூதாதை 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலில் வாழ்ந்தது. அங்கிருந்து ஒரு கிளை குருத்தெலும்பு மீன்களாகப் போயிற்று. இன்னொரு கிளையில் எலும்பு மீன்கள் தோன்றின. அந்த எலும்பு மீன்களில் ஒரு பிரிவின் வழித்தோன்றல்கள்தான் கரையேறி, தவளையாகவும் பல்லியாகவும் பறவையாகவும் பாலூட்டியாகவும் பிரிந்தன. இதன்படி பார்த்தால் மத்தி மீனுக்கு வேளாவைவிட வரையாடுதான் நெருங்கிய சொந்தம். மீன் சந்தையில் மத்தியும் திருக்கையும் அடுத்தடுத்த கூடையில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உண்மை என்னைத் தடுமாற வைக்கும். 'மீன்' என்று நாம் சொல்வது நீரில் வாழும் வாழ்க்கைமுறைக்கான பெயர். இரத்த உறவை அது சொல்வதில்லை.

கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கலாம். வரையாட்டின் கொம்பு மண்டையெலும்பிலிருந்து வளர்ந்த எலும்பு. அதன்மேல் நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஒரு உறை. அது விழுந்து முளைப்பதில்லை, வாழ்நாள் முழுக்க வளர்கிறது. வேளாவின் கோடு முன்னோக்கி நீண்ட மண்டைக் குருத்தெலும்பு. அதன் ஓரப் பற்கள் வாயில் இருக்கும் பற்களைச் சேர்ந்தவை அல்ல, தோல் செதில்கள் உருமாறி வந்தவை. வாய் தனியே, தலைக்கு அடியில், சிறிய மழுங்கிய பற்களோடு இருக்கிறது. கோடு முழுக்க நுண்ணிய துளைகள் உண்டு. சேற்றில் புதைந்திருக்கும் இறாலின், மீனின் தசைத்துடிப்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை அவற்றின் வழியே வேளா உணர்கிறது. கலங்கிய நீரில் கண் எதையும் காட்டாத இடத்தில் கோடுதான் அதற்குக் கண். இரையை அடித்துச் சாய்க்கும் கையும் அதுவே. அது போனால் வேளா பெரும்பாலும் பட்டினிதான் கிடக்கவேண்டும்.

சுறாவா திருக்கையா என்ற குழப்பம் பட்டினப்பாலைப் புலவர் உருத்திரங்கண்ணனாருக்கு மட்டும் வந்ததில்லை. நவீன வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயர் வைத்தபோது சுறாக்களின் பேரினத்தில்தான் சேர்த்தார். உடல் நீண்டு, முதுகுத்துடுப்பு இரண்டு உயர்ந்து, வாலை வீசி நீந்தும் ஒரு பிராணியை மேலிருந்து பார்த்தால் யாரும் சுறா என்றுதான் சொல்வார்கள். புரட்டிப் போட்டால் கதை மாறிவிடும். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் கழுத்தின் இரு பக்கங்களிலும் இருக்கும். திருக்கைக்கு அவை உடலுக்கு அடியில் இருக்கும். வேளாவின் ஐந்து இணைப் பிளவுகளும் அடியில்தான் இருக்கின்றன. கோடு உள்ள உண்மையான சுறாக்களும் வேறு கடல்களில் உண்டு. அவை சிறியவை, கோட்டின் நடுவில் மீசை போன்ற உணரிழைகள் தொங்கும், செவுள் பக்கவாட்டில் இருக்கும். இரு வேறு குலங்கள் ஒரே ஆயுதத்தைத் தனித்தனியே உண்டாக்கிக்கொண்டன. நம் மீனவர் பேச்சில் 'வேளா' என்று இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது என்பதை இங்கே சொல்லவேண்டும். சுறா என்றும் சொல்லாமல் திருக்கை என்றும் சொல்லாமல் தனியே நிறுத்திய அந்தப் பெயரில் நல்ல கவனிப்பு இருக்கிறது.

வரையாட்டின் கதை இதைவிடச் சுவையானது. 1838இல் ஒகில்பி என்ற விலங்கியலாளர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தபோது கொடுத்த சிற்றினப் பெயர் 'ஹைலோக்ரியஸ்'. கிரேக்கத்தில் காட்டுச் செம்மறிக்கிடா என்று பொருள்படும். பிற்காலத்தில் இமயமலையிலும் அரேபியாவின் ஓமான் பகுதியிலும் உள்ள இதன் சாயல் கொண்ட ஆடுகளோடு சேர்த்து, மூன்றையும் 'ஹெமிட்ராகஸ்' என்ற ஒரே பேரினத்தில் போட்டார்கள். இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே இருக்கும் 2,000 கிலோமீட்டரை எப்படித் தாண்டியது என்று விளக்கக் குளிர்யுகக் கோட்பாடுகளும் வந்தன. மற்ற இரண்டு ஆடுகளுக்கும் மடியில் நான்கு காம்புகள், வரையாட்டுக்கு இரண்டுதான் என்ற வேறுபாடு கண்முன் இருந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸைச் சேர்ந்த ரோப்பிக்கே, ஹசானின் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட மரபணு ஆய்வு அந்தக் குடும்பத்தைக் கலைத்தது. மூன்றும் உடன்பிறப்புகளே அல்ல. இமய ஆடு வெள்ளாட்டுப் பக்கம் போயிற்று. நம் வரையாடு செம்மறிக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 'நீலகிரிட்ராகஸ்' என்று புதிய பேரினம் எழுந்தது; அதில் உள்ள ஒரே சிற்றினம் வரையாடு. ஒகில்பி அதற்கு 167 ஆண்டுகளுக்கு முன் வைத்த பெயரில் கிடா ஏற்கெனவே இருந்தது.

இந்தப் பெயர் மாற்றத்தைப் படித்துவிட்டு, இதனால் ஆட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. லாபம் இருக்கிறது. ஒரு பேரினத்தில் மூன்று இனங்கள் இருக்கும்போது ஒன்று அழிந்தால் அதன் பரம்பரையில் மிச்சம் இருக்கும். பேரினமே ஒற்றை இனத்தால் ஆனதென்றால் அதன் அழிவோடு ஒரு முழுக் கிளையே முறிகிறது. பணம் ஒதுக்குபவர்களிடம் பேசும்போது இந்த வாதத்துக்கு எடை உண்டு.

வேளாவுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். இங்கே பெயர்கள் கூடவில்லை, குறைந்தன. பெரிய பல் கொண்ட வேளாவுக்கு மூன்று கடல்களில் மூன்று சிற்றினப் பெயர்கள் இருந்தன: ப்ரிஸ்டிஸ் ப்ரிஸ்டிஸ், ப்ரிஸ்டிஸ் பெரோட்டெட்டி, ப்ரிஸ்டிஸ் மைக்ரோடான். 2013இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, உலகெங்கும் உள்ள கோடுகளின் அளவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, மூன்றும் ஒரே இனம் என்று காட்டியது. ஏழு என்று எண்ணப்பட்ட வேளா இனங்கள் ஐந்தாயின. நம் கடல்களுக்கு உரியவை பெரும்பல் வேளா, பச்சை வேளா, ஒடுங்கிய கோடுடைய வேளா என மூன்று.

பெயர் பிரிந்து கிடந்த காலத்தில் சட்டமும் பிரிந்து கிடந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2007இல் எல்லா வேளா இனங்களையும் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. மைக்ரோடானை மட்டும் இரண்டாம் பட்டியலில் வைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மீன் காட்சியகங்களுக்கு உயிரோடு அனுப்ப அதில் வழி இருந்தது. 2013 பாங்காக் கூட்டத்தில்தான் அந்த விலக்கு நீங்கி, குடும்பம் முழுவதும் முதல் பட்டியலுக்கு வந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் இதே சிக்கல் இருந்தது. 2001இல் மத்திய அரசு சுறா, திருக்கை அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்து, மீனவர்களின் எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே அதைச் சில இனங்களுக்கு மட்டுமானதாகச் சுருக்கியது. அந்தச் சிறு பட்டியலில் மூன்று வேளா இனங்கள் இருந்தன; அவற்றுள் ஒன்றின் பெயர் மைக்ரோடான். பன்னிரண்டு ஆண்டுகளில் அறிவியல் அந்தப் பெயரையே இல்லாமல் ஆக்கிவிட்டது. வலையில் சிக்கிய உயிரின் பெயர் பட்டியலில் உள்ளதுதானா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழ இடம் கொடுக்கும் சட்டம் பலவீனமானது. 2022இல் அட்டவணைகள் திருத்தி எழுதப்பட்டபோதும் வேளா முதல் அட்டவணையிலேயே நீடித்தது என்பது ஆறுதல்.

வரையாடு 1972இல் சட்டம் பிறந்தபோதே பாதுகாப்புப் பெற்றுவிட்டது. வேளா உள்ளே வர 29 ஆண்டுகள் ஆயின. அந்த 29 ஆண்டுகளில்தான் நம் கரையில் இழுவைப்படகுகள் பெருகின, நைலான் வலை வீட்டுக்கு வீடு வந்தது. 'வனவிலங்கு' என்று சொன்னவுடன் காடும் நான்கு கால்களுமே மனதில் எழுந்த ஒரு தலைமுறை எழுதிய சட்டம் அது. மீன் என்றால் உணவு, டன் கணக்கு, ஏற்றுமதி. ஒரு மீனுக்கும் புலிக்கும் ஒரே அட்டவணையில் இடம் வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் பிள்ளை பெறுவதில் வேளா மீனைப்போல நடந்துகொள்வதில்லை. மத்தி ஒருமுறையில் பல்லாயிரம் முட்டை இடும். வேளா குட்டி போடுகிறது. பெரும்பல் வேளா ஒரு ஈற்றில் ஒன்று முதல் பதின்மூன்று குட்டிகள் வரை ஈனும். சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். பிறக்கும் குட்டியின் கோட்டுப் பற்களைப் பாலாடை போன்ற ஒரு உறை மூடியிருக்கும், தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி. சில நாட்களில் அது கரைந்துபோகும். அந்தக் குட்டி இனப்பெருக்க வயதை எட்ட எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். வரையாடு ஆறு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி போடும், மூன்று வயதுக்குள் தாயாகிவிடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் மீண்டெழுவதில் வேளா வரையாட்டைவிட மெதுவானது. குட்டி போடும், மெல்ல வளரும், நீண்ட நாள் வாழும் ஒரு உயிரை ஆண்டுதோறும் அறுவடை செய்யும் பயிர்போல நடத்தினோம்.

அப்படி நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று நிகராகுவா ஏரி. நன்னீர் ஏரியான அதில் பெரும்பல் வேளா பெருங்கூட்டமாக வாழ்ந்தது. சான் ஹுவான் ஆறு வழியே கடலுக்கும் ஏரிக்கும் போய்வந்தது. தாமஸ் தோர்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அங்கே பல ஆண்டுகள் அவற்றுக்கு அடையாள வில்லை கட்டி ஆராய்ந்தார். 1970களின் முதல் பாதியில் ஏரிக்கரையில் வணிக மீன்பிடிப்பு சூடுபிடித்தது. பல்லாயிரக்கணக்கான வேளாக்கள் இறைச்சிக்கும் துடுப்புக்கும் பிடிக்கப்பட்டன. பத்தாண்டு முடிவதற்குள் கூட்டம் சரிந்தது. தோர்சன் எழுதினார், எச்சரித்தார். 1980களின் தொடக்கத்தில் அரசு பிடிப்பை நிறுத்திவைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஏரியின் வேளாக் கூட்டம் திரும்ப எழவில்லை. ஒருகாலத்தில் சுமார் 90 நாடுகளின் கரைகளில் இருந்த இந்தக் குடும்பம் அவற்றில் பாதி நாடுகளில் இன்று இல்லாமல் போயிருக்கலாம் என்பது 2021இல் வந்த ஒரு உலகளாவிய ஆய்வின் கணிப்பு. அதே ஆண்டில் இலங்கை மீனவர்களிடம் நேரில் பேசி எழுதப்பட்ட இன்னொரு ஆய்வும் அங்கே வேளா ஏறத்தாழ மறைந்துவிட்டதாகவே சொல்கிறது. மன்னாருக்கு இக்கரையில் பெரியவர் என்னிடம் சொன்னதும் அதுதான்.

வேளாவைக் கொன்றது அதன் கோடுதான். மற்ற மீன் வலையின் கண்ணியைவிடப் பெரிதானால் முட்டித் திரும்பும், சிறிதானால் நுழைந்து தப்பும். வேளாவுக்கு எந்தக் கண்ணியும் பெரிதில்லை, எதுவும் சிறிதில்லை. பல் மாட்டினால் போதும். விடுவித்துக்கொள்ளத் தலையை ஆட்ட ஆட்ட வலை சுற்றிக்கொள்ளும். பருத்தி நூல், சணல் வலை இருந்த காலத்தில் ஐந்து மீட்டர் வேளா அதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். நைலான் அறுவதில்லை. நார்வே உதவியோடு 1950களில் கேரளத்தில் தொடங்கிய இயந்திரப்படகுத் திட்டத்திலிருந்து வளர்ந்த இழுவை மடிகள், வேளா வாழும் சேற்றுத்தளத்தையே வாரி எடுத்தன. வேளாவைத் தேடிப்போய்ப் பிடித்தவர்கள் குறைவு. இறாலுக்குப் போட்ட மடியில் அது வந்து விழுந்தது. குட்டிகள் வளரும் ஆற்று முகத்துவாரமும் அலையாத்திக் காடும் சுருங்கியது அடுத்த அடி.

மலையிலும் அழிவு இருந்தது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் நரைத்த கிடாய்களைத் தேடிச் சுட்டார்கள். ஆனால் துப்பாக்கியைவிடப் பெரிய கேடு ஒரு வருவாய்த்துறைச் சொல்லால் வந்தது. சோலைக்காட்டுக்கு நடுவே விரிந்த மலைப் புல்வெளியை மரமில்லாத காரணத்தால் 'தரிசு' என்று எழுதினார்கள். தரிசென்றால் பயன்படுத்தவேண்டும். தேயிலை வந்தது, தைலமரம் வந்தது, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை வந்தது, பைன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லாகவே இருந்த நிலம் அது, மழையைப் பஞ்சுபோல் பிடித்து ஓடைகளுக்கு விடும் நிலம் என்பது பின்னால்தான் உறைத்தது. இன்று நீலகிரியின் முக்குருத்தியில் சீகையை வெட்டி எடுப்பதற்குச் செலவழிக்கிறோம். வெட்ட வெட்ட அது மண்ணிலுள்ள விதையிலிருந்து முளைக்கிறது. நிலத்தைத் தவறான பெட்டியில் போட்டதன் விலையை வரையாடு கொடுத்தது.

இருந்தும் வரையாட்டுக்கு ஆள் இருந்தார்கள். மூணாறில் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்காகக் காத்துவைத்த இரவிகுளம் மேட்டுநிலம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. உலகின் ஆகப் பெரிய வரையாட்டுக் கூட்டம் அங்கே இருக்கிறது. அங்கே காவல் செய்வதிலும் தடம் காண்பதிலும் முதுவர் பழங்குடியினரின் பங்கு பெரிது. விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வந்து பார்த்து எழுதினார். நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த இ. ஆர். சி. தாவிதார் மலை மலையாக நடந்து கணக்கெடுத்தார். ஒரு தனிமனிதர், எந்தத் துறையின் சம்பளமும் இல்லாமல், ஆட்டை எண்ணுவதற்காகக் குளிரிலும் மூடுபனியிலும் நடந்தார் என்பதை நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அக்டோபர் 7ஐ வரையாடு நாள் என்று தமிழ்நாடு அரசு கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

2022 இறுதியில் அரசு நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்து 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள். 2025இல் கேரளத்தோடு ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியபோது இங்கே 1,303. கேரளத்தில் சற்றுக் கூடுதல். இரு மாநிலமும் சேர்த்து 2,600க்கு மேல். ஓராண்டில் 272 கூடியதை முழுக்கப் பிறப்புக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடல் கூடும்போது கண்ணில் படுவதும் கூடும். மேலும் இந்த எண்ணிக்கை சுமார் 400 கிலோமீட்டர் நீளத்தில் துண்டுதுண்டாகக் கிடக்கும் சிறு கூட்டங்களின் கூட்டுத்தொகை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், தேயிலை, சாலை. முக்குருத்தி ஆடு ஆனைமலை ஆட்டோடு கலக்க வழியில்லை. வெப்பம் கூடக்கூட உச்சிக்கு ஏறிக்கொண்டே போகலாம். உச்சிக்கு மேல் போக இடமில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அருகிவரும் இனம் என்று வைத்திருப்பது சரியே. ஆனாலும் எண்ண முடிகிறது, குறைந்தால் தெரிகிறது, ஒரு மலையில் நோய் வந்தால் மருத்துவரை அனுப்ப முடிகிறது.

வேளாவை எண்ண முடிவதில்லை. தொலைநோக்கி வைத்து எதிர் மலையைப் பார்ப்பதுபோல மன்னார் வளைகுடாவின் கலங்கல் நீரைப் பார்க்க இயலாது. மீன்பிடித் துறைகளில் நின்று கரைக்கு வருவதைக் குறிக்கும் ஆய்வாளர்களின் ஏடுகள்தான் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தன. 2001க்குப் பிறகு அந்த வழியும் இருண்டது. சிறைத்தண்டனை உள்ள ஒரு மீனை எவர் ஏலக்கூடத்தில் கொண்டுவந்து போடுவார்? தெரியாமல் சிக்கியது என்றாலும் பயம். கோட்டை வெட்டிக் கடலிலேயே வீசிவிடுவார்கள். சட்டம் காப்பாற்ற வந்து, உயிர் இருக்கிறதா இல்லையா என்ற தடயத்தையும் மறைத்துவிட்டது. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சிக்கியதைச் சொல்பவனைக் குற்றவாளியாக நடத்தாத ஏற்பாடு தண்டனைக்கு முன்னால் வந்திருக்கவேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கில் ஆற்றுநீரை மொண்டு, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்கைக் கொண்டே பெரும்பல் வேளா அங்கு உண்டா என்று கண்டறிகிறார்கள். கொள்ளிடம் முகத்துவாரத்திலும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் குடம் குடமாக நீர் எடுத்துப் பார்க்க 25 கோடி தேவையில்லை. அருங்காட்சியகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் பழைய கோடுகளிலிருந்து துளி தூள் எடுத்து, அழிந்த கூட்டங்களின் மரபுச்செல்வம் எவ்வளவு என்று அளக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ராமநாதபுரத்து உத்தரத்தில் தொங்கிய அந்தக் கோட்டிலும் பாக்கு நீரிணையின் பழைய வேளாக்களைப் பற்றி எழுதப்படாத ஒரு ஏடு இருக்கிறது.

குஜராத் கரையில் திமிங்கலச் சுறாவுக்கு நடந்தது நம்பிக்கை தருகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட அந்த மீனைப் பற்றி 2004 முதல் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு ஊர் ஊராகப் பேசினார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் அது என்றார். அத்தோடு, வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுத்தது. பேச்சும் பணமும் சேர்ந்தபோது கத்தி எடுத்த கைகளே வலையை அறுத்துவிட்டன. நம் பக்கத்திலும் கடற்பசுவை உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை பணமுடிப்பு கொடுத்திருக்கிறது. பாக்கு விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமும் வந்திருக்கிறது. அது காக்கும் கடற்புல் ஓரங்களில் வேளாவுக்கும் நிழல் கிடைக்கலாம்.

குஜராத் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். கண்ணி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வேளா சிக்கினால் கோட்டை வெட்டாமல், உடலைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, பல்லைச் சுற்றிய வலையை மட்டும் அறுத்து விட்டுவிட்டால் பிழைக்கும் என்றும் சொன்னேன்.

"அறுத்துரலாம் தம்பி. ஒரு வல என்ன வெலன்னு ஒங்களுக்குத் தெரியும். குடுக்கிறவுக இருந்தா அறுத்துரலாம்." கொட்டகை வாசலில் கிடந்த புதுவலையைப் பார்த்தார். "நடுக்கடல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுதுன்னு வைங்க. நான் யாருக்குப் போன் போடணும்? மீன் ஆபீசுக்கா, பாரஸ்ட்டுக்கா?"